நாடு மாறும்போது வேகனை என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேகமாகவும் ஓட வேண்டும், வீட்டுச் சாமான் அத்தனையும் ஏற வேண்டும் என்று வேகன் வாங்கியவர்கள் அதை விட்டுப் பிரிய மாட்டார்கள். (வேகன் என்றால் கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கிக் கதவு மேலே தூக்குகிற கார். டூரிங், அவான்ட், எஸ்டேட், காம்பி எல்லாம் அதற்கே உள்ள வேறு பெயர்கள்.) வேலையோ குடும்பமோ நாடு மாற வைக்கும்போதுதான் சிக்கல். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ எம்340ஐ டூரிங் ஓட்டுகிறேன். குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறப் போகிறோம். 3 சீரிஸ் அங்கேயும் விற்கிற கார்தானே, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாமா?

போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 3 சீரிஸ் விற்பது உண்மை. ஆனால் இந்தத் தலைமுறையில் அங்கே போனது செடான் மட்டும்தான். உங்கள் டூரிங் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி சான்றளிக்கப்பட்ட கார் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே அப்படியில்லை. ஹெட்லைட்டின் ஒளி விழும் விதம், பக்கவாட்டு விளக்கு, பம்பர், ஏர்பேக் விரியும் முறை எல்லாவற்றுக்கும் அங்கே தனி விதி. சீட் பெல்ட் போடாதவரையும் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்று சோதித்துப் பார்க்கிற நாடு அது. ஐரோப்பாவில் பெல்ட் போட்டிருப்பார் என்ற கணக்கில்தான் வடிவமைப்பு.

விதி இதுதான்: தயாரித்த மாதத்திலிருந்து 25 வருடம் முடிந்த காருக்கு அந்தப் பாதுகாப்புச் சான்று தேவையில்லை. புகைக் கட்டுப்பாட்டுக்கு 21 வருடம். அதற்குள் என்றால், பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒருவர் காரைப் பிரித்து மாற்றியமைத்துச் சான்று வாங்க வேண்டும். அந்த மாடலே முதலில் தகுதிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இந்த வழியில் இறங்கினால் காரின் விலையைவிட மாற்றும் செலவு அதிகமாகிவிடலாம். "ஒரு வருடத்துக்குக் கொண்டு வரலாமாமே" என்று யாராவது சொல்வார்கள். அது அங்கே குடியிருக்காமல் தற்காலிகமாக வந்து போகிறவர்களுக்கு. விற்கக் கூடாது, ஒரு வருடத்துக்குள் காரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது. கனடாவில் இந்த வயது வரம்பு 15 வருடம்தான், ஆனால் கனடா வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தாலும் 25 வருட விதி அப்படியே நிற்கும்.

இந்த விதியால் ஒரு நல்லதும் நடந்தது. போர்ஷேவும் ஆடியும் சேர்ந்து 1994, 95-இல் செய்த ஆர்எஸ்2 அவான்ட், ஐந்து சிலிண்டர் டர்போ, 315 குதிரைத்திறன், 25 வயது ஆனதும் அமெரிக்கச் சாலைகளில் சட்டப்படியே ஓடத் தொடங்கியது. வேகமான வேகன் என்ற எண்ணத்துக்கே அடையாளமான கார் அது. இருபத்தைந்து வருடம் காத்திருந்து வாங்கியவர்களின் பொறுமையை மதிக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது இப்போது ஓட்ட ஒரு கார். புதிதாக என்றால் அங்கே ஆடி ஆர்எஸ்6 அவான்ட் 2021 மாடலிலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய ஆர்எஸ்6 வேகன்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பிஎம்டபிள்யூ எம்5 டூரிங்கும் 2025 மாடலாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு, வெளியே சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தது), எடை ஏறக்குறைய இரண்டரை டன். நேர்க்கோட்டில் அசத்தும், உங்கள் எம்340ஐ வளைவில் திரும்புகிற லேசான தன்மையை அதில் எதிர்பார்க்காதீர்கள். அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு நான் பழைய கார்ச் சந்தையைத்தான் காட்டுவேன். முந்தைய தலைமுறை 3 சீரிஸ் வேகன் 2019 வரை அங்கே விற்றது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஸ்போர்ட்வேகன் நான்கு சக்கர ஓட்டத்தோடு, மேனுவல் கியரிலும் கிடைத்தது. பலம்தான் முக்கியம் என்றால் 2011 முதல் 2014 வரை வந்த காடிலாக் சிடிஎஸ்-வி வேகன்: 556 குதிரைத்திறன், அதுவும் மேனுவல் கியரோடு. எண்ணிக்கை குறைவு, வைத்திருப்பவர்கள் எளிதில் விட மாட்டார்கள்.

இங்கிலாந்திலிருந்து ஸ்பெயினுக்குப் போகிறோம். என் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் எஸ்டேட்டுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். கொண்டு போக அனுமதி உண்டா?

அனுமதி உண்டு. வீடு மாறிப் போகிறவருக்குச் சுங்க வரிச் சலுகையும் உண்டு: நீங்கள் 12 மாதமாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும், கார் 6 மாதமாவது உங்களிடம் ஓடியிருக்க வேண்டும், போன பிறகு 12 மாதம் விற்கக் கூடாது. ஹெட்லைட்டை வலது பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பின்பக்கப் பனிமூட்ட விளக்கு ஒன்றே ஒன்று வலது பக்கம் இருந்தால், அது இடது பக்கமோ நடுவிலோ வர வேண்டும்.

இவ்வளவும் செய்யலாம். செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. இரு வழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், முந்த இடம் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கும். தனியாகப் போகும்போது கேட்கவும் ஆள் இல்லை. முந்திப் போகும் சுகத்துக்காக வாங்கிய காரில் முந்த முடியாமல் போவது பெரிய இழப்பு. உங்கள் நிலைமை உண்மையில் மிக நல்லது: இதே கார், இதே என்ஜின், இடது பக்க ஸ்டீயரிங்கோடு ஆர்எஸ் காம்பி என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கக் கிடைக்கிறது. வலது ஸ்டீயரிங் காரை அதற்கு மதிப்பு இருக்கிற இங்கிலாந்திலேயே விற்றுவிடுங்கள்.

ஜப்பானில் சுபாரு லெவோர்க் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியா போகிறேன். அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள்?

ஆமாம், அந்தத் தொல்லை இல்லை. காரை வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் சொந்தமாக வைத்து ஓட்டியிருந்தால் தனிநபர் இறக்குமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் காரைக் கப்பலில் ஏற்றிவிடாதீர்கள். துறைமுகத்தில் அது கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும். ஆஸ்திரேலியத் தாவர நோய்த் தடுப்புச் சோதனை கடுமையானது. சக்கர வளைவுக்குள் ஒட்டிய மண், ரேடியேட்டர் வலையில் சிக்கிய விதை எதுவும் இருக்கக் கூடாது. அனுப்புவதற்கு முன் அடிப்பாகம் வரை கழுவிவிடுங்கள்.

ஜப்பானியக் காரோடு வரும் சின்னச் சின்ன இடைஞ்சல்களும் உண்டு. திரையும் வழிகாட்டியும் ஜப்பானிய மொழியில் இருக்கும். எஃப்எம் ரேடியோ ஜப்பானில் 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸ் சுற்றிலேயே முடிந்துவிடும்; ஆஸ்திரேலிய நிலையங்கள் 88 முதல் 108 வரை. பாதிக்கு மேல் கேட்காது.

ஆனால் உங்கள் லெவோர்க் அங்கே டபிள்யூஆர்எக்ஸ் ஸ்போர்ட்ஸ்வேகன் என்ற பெயரில் 2022-இலிருந்து விற்பனைக்கு வந்தது, அதுவும் 2.4 லிட்டர் டர்போவோடு. ஜப்பானில் இந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் ஓட்டுவது 1.8 லிட்டர். உங்களுடையதும் 1.8 என்றால், கப்பல் கட்டணம் கட்டி பலம் குறைந்த காரைக் கொண்டு போவதில் பொருளில்லை. அங்கே போய் அதன் அண்ணனை வாங்குங்கள்.

நான் போகிற நாட்டில் வேகனே விற்பதில்லை. எஸ்யூவிதான் எங்கு பார்த்தாலும். செடானா, ஹேட்ச்பேக்கா, எஸ்யூவியா? எதை வாங்கினால் ஏமாற்றம் குறையும்?

வரும் கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உங்கள் வேகனில் உங்களுக்கு எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். தாழ்வாக உட்கார்ந்து, சாலையோடு ஒட்டிப் போகிற உணர்வா? டிக்கிக் கதவைத் தூக்கினால் சைக்கிளை அப்படியே உள்ளே தள்ள முடிந்ததா? கூட்டத்தில் தனியாகத் தெரிந்ததா? இந்த மூன்றையும் ஒரே காரில் தருவது வேகன் மட்டும்தான். அது இல்லாத ஊரில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஸ்யூவியை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், பெரும்பாலான எஸ்யூவிகள் வேகன் நிற்கிற அதே அடித்தளத்தில் கட்டப்பட்டவைதான். ஆடி ஏ4-உம் க்யூ5-உம் அப்படி ஒரு குடும்பம். உடலை உயர்த்தியதும் எடை கூடுகிறது, ஈர்ப்பு மையம் மேலே போகிறது. வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும் சாய்வுத் தடுப்புத் தண்டையும் இறுக்குகிறார்கள். இறுக்கினால் பள்ளத்தில் தூக்கிப் போடும். இதைச் சரிசெய்யத்தான் ஆடி எஸ்க்யூ7 போன்றவற்றில் 48 வோல்ட் மின்மோட்டாரை வைத்துச் சாய்வைக் கட்டுப்படுத்துகிறார்கள். அருமையான பொறியியல், மறுக்க மாட்டேன். ஆனால் வேகனில் அந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

டிக்கி அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கை நாடு விட்டு நாடு ஒப்பிடாதீர்கள். ஐரோப்பிய முறையில் 200 × 100 × 50 மில்லிமீட்டர் கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். வழக்கமாகச் சாமான் மூடி வரைக்கும்தான் கணக்கு. அமெரிக்காவில் கன அடி, பல கார்களுக்குக் கூரை வரை. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று பெருக்கிப் பார்த்து "இந்த எஸ்யூவியில் இரண்டு மடங்கு இடம்" என்று நம்பி வாங்கிவிட்டு, பழைய பெட்டிகள் ஏறவில்லை என்று வருந்தி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். பின் சீட்டை மடித்தால் தரை எத்தனை சென்டிமீட்டர் நீளம், சமமாக இருக்கிறதா, சக்கர வளைவுகளுக்கு நடுவே எவ்வளவு அகலம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம் என்ற நான்கும் போதும். வயதான நாய் வீட்டில் இருந்தால் நான்காவது அளவுதான் முதல் அளவு.

என் தேர்வு, டிக்கிக் கதவு முழுதாக மேலே தூக்குகிற தாழ்வான கார்கள். செடான் போலத் தெரியும், பின் கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி திறக்கும். பிஎம்டபிள்யூ 4 சீரிஸ் கிரான் கூப்பே, பழைய சந்தையில் ஆடி ஏ5 ஸ்போர்ட்பேக், ஃபோக்ஸ்வாகன் ஆர்டியான், கியா ஸ்டிங்கர். பலரும் இவற்றைச் செடான் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். உயரமான அலமாரி ஏறாது, மற்றதெல்லாம் ஏறும். ஓட்டும் சுகமும் தாழ்வான இருக்கையும் அப்படியே கிடைக்கும். குடும்பம் சிறியது என்றால் கோல்ஃப் ஆர் போன்ற வேகமான ஹேட்ச்பேக்கும் கூரைப் பெட்டியும் சேர்ந்தால் போதும். பெட்டியைப் பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மேலே வைத்துக்கொண்டே ஓடினால் காற்றுச் சத்தமும் எரிபொருளும் கூடும்.

பிரான்சுக்குப் போகிறேன். அங்கே புதிதாக வேகமான பெட்ரோல் வேகன் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் அபராத வரியைக் கணக்கிடுங்கள். அங்கே புதுக் காரின் முதல் பதிவில் கரியமில வாயு அளவுக்கு ஒரு வரி, எடைக்கு இன்னொரு வரி. பலம் கூடிய பெட்ரோல் காருக்கு இது பல்லாயிரம் யூரோவாக ஏறும். நெதர்லாந்து, டென்மார்க், நார்வேயிலும் பதிவு வரிதான் கார் விலையை முடிவு செய்கிறது. இந்த நாடுகளில் ஏற்கனவே உள்ளூரில் பதிவான பழைய வேகனே புத்திசாலித்தனம்.

மின்சார வேகன் வைத்திருக்கிறோம். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு எடுத்துப் போனால் சார்ஜ் ஆகுமா?

அமெரிக்கா என்றால் மேலே சொன்ன 25 வருட விதியே முதல் தடை. அதைத் தாண்டினாலும் பிளக் வேறு: ஐரோப்பாவில் சிசிஎஸ் 2, அங்கே சிசிஎஸ் 1 அல்லது என்ஏசிஎஸ். வீட்டுச் சார்ஜிங்கிலும் அடி விழும். ஐரோப்பியக் கார் மூன்று பேஸ் மின்சாரத்தில் 11 கிலோவாட் வாங்கும். ஒரே பேஸ் உள்ள வீட்டில் பல கார்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். விற்றுவிடுங்கள்.

மூன்று வருட ஒப்பந்தத்தில் போகிறேன். மனசு கேட்கவில்லை, காரை இங்கேயே ஷெட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து ஓட்டலாமா?

திரும்பி வருவது நிச்சயம், நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் சரி. டேங்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் திரவம் ஊற்றுங்கள். என்ஜின் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு நிறுத்துங்கள். டயரில் காற்றைக் கூட்டுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவி மாட்டுங்கள்.

உறவினரிடம் சாவியைக் கொடுத்து "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வை" என்று சொல்வதுதான் எல்லோரும் செய்வது. வேண்டாம். ஐந்து நிமிடத்தில் என்ஜின் முழுதாகச் சூடாகாது. ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்ட முடிந்தால் ஓட்டட்டும், அதற்குப் பதிவும் இன்சூரன்ஸும் உயிரோடு இருக்க வேண்டும். அது முடியாது என்றால் தொடாமல் விட்டுவிடட்டும். திரும்பியதும் பிரேக் திரவத்தை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்தைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் மறக்கக் கூடாதது எது?

இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து, எத்தனை வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டினீர்கள் என்று எழுதிய கடிதம். போகிற நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ, லெட்டர்ஹெட்டில், தேதியோடு. எல்லா நிறுவனமும் ஏற்காது. ஏற்கிற ஒன்றைத் தேடிப் பிடித்தால், வேகமான காருக்கு முதல் வருடப் பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் வரும். ஊர் மாறிய பிறகு இந்தக் கடிதத்தை வாங்குவது எளிதல்ல, பழைய பாலிசி முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.