நெருஞ்சிக் காயும் குருவியின் அலகும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "இதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா டீச்சர்?" என்று கேட்டான். பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிக்கொள்வதைச் சொன்னேன். "அது பாக்டீரியாவாகவேதானே இருக்கிறது? குரங்கு மனிதனாவதை யாரும் பார்க்கவில்லையே. அப்படியென்றால் இதையும் சும்மா நம்பத்தானே வேண்டும்?" என்றான். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். பரிணாமம் இன்றும் நம் கண்முன்னால் நடக்கிறதா? நடக்கிறது என்றால் பதினைந்து வயதுப் பையனுக்கு எதைக் காட்டுவது? என் வகுப்பில் பாதிப் பேர் பருத்தி விவசாயிகளின் பிள்ளைகள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாணவன் கேட்டதைத்தான் 2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங்கும் சொன்னார். குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை, ஆகவே டார்வின் தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்தன. அமைச்சருக்கு அது முடிவு. பையனுக்கு அது கேள்வி, அதனால் முழுதாகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. பத்தாவதோடு உயிரியலை விட்டுவிடப்போகும் பிள்ளைகளுக்கு உங்கள் வகுப்புதான் கடைசி வாய்ப்பு. 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தது இதனால்தான்.

பரிணாமத்தைப் பார்த்திருக்கிறார்களா என்றால், ஆம், பார்த்திருக்கிறார்கள். ஆனால் பார்த்தது ஒரு விலங்கு இன்னொரு விலங்காக மாறுவதை அல்ல. அப்படி நடக்கும் என்று பரிணாமக் கொள்கை எங்குமே சொல்லவில்லை. நாளைக்கே ஒரு குரங்கு மனிதக் குழந்தையைப் பெற்றுப்போட்டால், டார்வினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். மாறுவது தனி உயிர் அல்ல, அந்த உயிரினத்தின் கூட்டம். தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் கூட்டத்தில் எந்தக் குணம் பெருகுகிறது, எது அருகுகிறது என்பதே கணக்கு. பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் பையன் குழம்பியிருப்பான் என்று நினைக்கிறேன். எந்தப் பாக்டீரியாவும் பழகிக்கொள்வதில்லை. மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் தற்செயலாக வாய்த்த சில மிஞ்சுகின்றன, மற்றவை செத்துப்போகின்றன, மிஞ்சியவற்றின் வாரிசுகள் ஆய்வகத் தட்டு முழுக்க நிறைகின்றன.

சரி, கூட்டம் மாறுவதை எப்படிப் பார்ப்பது? பொறுமையாக அளக்க வேண்டும். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி அப்படி அளந்தார்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. மனிதர் குடியில்லாத எரிமலைப் பாறை, பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. 1973இல் தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே திரும்பத் திரும்பப் போனார்கள். ஃபிஞ்ச் குருவிகளை வலையில் பிடிப்பார்கள், காலில் வண்ண வளையம் மாட்டுவார்கள், எடை பார்ப்பார்கள், அலகின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்பதுவரை குறிப்பு இருந்தது. தடித்த அலகுள்ள பெற்றோருக்குத் தடித்த அலகுள்ள குஞ்சுகள் பிறப்பது அந்தக் குறிப்புகளிலிருந்தே தெரிந்தது.

1977இல் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் 127 மில்லிமீட்டர் பெய்த தீவில் அந்த ஆண்டு 24 மில்லிமீட்டர். செடிகள் காய்ந்தன, புதிதாக விதை விழவில்லை. கிடந்த சின்ன விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் நெருஞ்சிக் காய். நம்மூர் நெருஞ்சிக்கு நெருங்கிய சொந்தக்காரச் செடி அது. வெறுங்காலோடு காட்டில் நடந்த உங்கள் மாணவர்களுக்கு அந்தக் காய் எவ்வளவு கடினம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அலகு தடிமனாக இருந்த குருவி அதைக் கவ்வி, திருகி, ஓட்டை உடைத்து உள்ளே இருந்த விதையை எடுத்தது. அலகு கொஞ்சம் மெலிந்த குருவியால் முடியவில்லை.

நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் 85 சதவீதம் அந்த வறட்சியில் அழிந்தது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். சாவுக்கும் பிழைப்புக்கும் இடையே இருந்தது அவ்வளவுதான். கையில் பிடித்து உற்றுப் பார்த்தாலும் நமக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும்.

"சின்னது செத்தது, பெரியது மிஞ்சியது, இதில் பரிணாமம் எங்கே?" என்று பையன் கேட்பான். கேட்க வேண்டும், ஏனென்றால் இதுவரை நடந்தது தேர்வு மட்டுமே. 1978இல் மழை வந்தது, பிழைத்த குருவிகள் கூடு கட்டின. அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றின் அலகையும் அளந்தார்கள். வறட்சிக்கு முந்தைய கூட்டத்தைவிட சுமார் 4 சதவீதம் பெரிதாக இருந்தது. எந்தக் குருவியும் முயன்று தன் அலகைத் தடிக்க வைக்கவில்லை. ஆனாலும் ஒரே தலைமுறையில் கூட்டம் மாறிவிட்டது.

அப்புறம் 1982–83இல் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு. தீவில் மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடின, சின்ன விதைச் செடிகள் பெருகின. அதற்குப் பின் வந்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகளின் கை ஓங்கியது. பரிணாமம் எப்போதும் மேலே மேலே ஏறும் ஏணி என்ற எண்ணம் மாணவர்களுக்கு இருந்தால், இந்த ஒரு தீவை வைத்தே அதைக் களைந்துவிடலாம்.

அடுத்த ஆட்சேபம் தயாராக இருக்கும். குருவி குருவியாகவேதானே இருக்கிறது? புதிய இனம் வந்ததா? இதற்கும் அதே தீவில் ஒரு சாட்சி உண்டு. 1981இல் வேற்றூர் ஆண் பறவை ஒன்று டாஃப்னிக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரியது, பாட்டும் வேறு. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து அது வந்திருந்தது என்பது பிற்பாடு மரபணு ஆய்வில் உறுதியானது. உள்ளூர்ப் பெட்டையோடு அது கூடியது. வாரிசுகளின் அலகு இரு பக்கத்து உறவினருக்கும் பொருந்தாத அளவில் அமைந்தது. அப்பன் பாடிய பாட்டையே அவையும் பாடின. இரண்டாம் தலைமுறையிலிருந்து அவை வெளியே ஜோடி தேடவில்லை, தங்களுக்குள்ளேயே இணைந்தன. 2017இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இனம் பிரிவதற்கான முதல் அடி இதுதான். இந்தக் கிளை நூறாண்டு நிற்குமா, அழியுமா என்பது வேறு விஷயம். அதன் தொடக்கத்தை மனிதர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

"பாக்டீரியா பாக்டீரியாவாகவே இருக்கிறது" என்பதற்கும் வருகிறேன். ஒரு கிருமியால் சிட்ரேட் என்ற உப்பை உண்ண முடியுமா என்று பார்க்கும் சிம்மன்ஸ் சிட்ரேட் சோதனையை நீங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள். பச்சை நிற அகாரில் கிருமியைத் தேய்த்து வைத்தால், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்றால் மறுநாள் நீலமாகிவிடும், நம் குடலில் வாழும் ஈ.கோலை என்றால் பச்சையாகவே இருக்கும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஈ.கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது. அதன் அடையாளங்களில் ஒன்றே அதுதான். ரிச்சர்ட் லென்ஸ்கி என்பவர் 1988 பிப்ரவரியில் அமெரிக்காவில் பன்னிரண்டு குடுவைகளில் ஈ.கோலை வளர்க்கத் தொடங்கினார். கொஞ்சம் குளுக்கோஸ், கூடவே நிறைய சிட்ரேட். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். நாளொன்றுக்கு ஆறேழு தலைமுறை. ஐந்நூறு தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறைய வைத்துவிடுவார்கள், தேவைப்பட்டால் மூதாதையைத் திரும்ப உயிர்ப்பித்துப் பேரனோடு போட்டிபோட விடலாம்.

2003இல் ஒரே ஒரு குடுவை வழக்கத்துக்கு மாறாகக் கலங்கிப்போயிருந்தது. வேறு கிருமி புகுந்துவிட்டதோ என்று சோதித்தார்கள். இல்லை, அதே ஈ.கோலைதான், ஆனால் சிட்ரேட்டைத் தின்றுகொண்டிருந்தது. சுமார் 31,500ஆம் தலைமுறை வாக்கில் அந்தத் திறன் தோன்றியிருந்தது. சக்கரி பிளவுன்ட் என்ற ஆய்வாளர் உறைந்த மாதிரிகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். சுமார் இருபதாயிரம் தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டுமே அந்தத் திறன் மீண்டும் முளைத்தது. அதாவது, இடையில் வேறு மாற்றங்கள் வந்து வழி போட்டிருக்க வேண்டும். பிறகு மரபணுவையும் படித்துவிட்டார்கள். சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு இன்னொரு பிரதியாகப் பெருகி, ஆக்சிஜன் இருக்கும்போதும் வேலை செய்யும் ஒரு விசையின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எந்த எழுத்து எங்கே மாறியது என்று காட்ட முடிகிற விஷயத்தை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மீன் வழியிலிருந்து நாலுகால் விலங்குகள் வந்ததையோ, மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்ததையோ யாரும் நின்று பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அதற்குச் சான்று வேறு வகை. 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறையில், மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரின் எச்சம் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் தேடி, 2004இல் டிக்டாலிக் என்று பெயரிடப்பட்ட அந்த உயிரின் எச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததே, அது கண்ணால் பார்த்ததற்கு எந்த விதத்திலும் குறைந்த சான்றல்ல.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அந்தப் பிள்ளைகளின் காட்டுக்கே வாருங்கள். பிடி (Bt) பருத்தி 2002இல் இந்தியாவுக்கு வந்தது, காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே தயாரிக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பருத்தி. அதைத் தாங்கும் புழு என்றைக்காவது பெருகும் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான், வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்று அரசே விதி போட்டது. விதைப் பையோடு ஒரு சின்னப் பாக்கெட் தனியாகக் கொடுத்தார்கள். சாதாரணப் பருத்தியில் வளரும் அந்துப்பூச்சிகள், தப்பிப் பிழைத்த ஓரிரு எதிர்ப்புப் பூச்சிகளோடு கூடும், அந்த வாரிசுகள் மறுபடி நச்சுக்கு இரையாகும், இதுதான் ஏற்பாடு. பெரும்பாலான இடங்களில் அந்த விதையை யாரும் நடவில்லை. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், ஏன் நட வேண்டும் என்று அவருக்கு யாரும் சரியாக விளக்கவில்லை. 2009–10 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நச்சைத் தாங்கத் தொடங்கியது. இரண்டு நச்சு சேர்த்த விதையும் 2015 வாக்கில் அங்கே தோற்றது. அதே புழு, அதே நச்சு, அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் சாதாரணப் பருத்தியை ஒழுங்காக நட்டுவந்தார்கள். அங்கே எதிர்ப்பு பெருகவில்லை. பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் விட்டு, 2018இல் அந்தப் புழுவே நாட்டில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

பையனின் வீட்டிலும் பருத்தி போட்டிருந்தால், முதலில் பிடி பருத்தி போட்டபோது காய்ப்புழுவுக்கு எத்தனை முறை மருந்தடித்தார்கள், இப்போது எத்தனை முறை அடிக்கிறார்கள், அந்தச் சின்னப் பாக்கெட்டை என்ன செய்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோருடைய பதிலையும் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.