அமெரிக்க ஜாஸ் கலைஞர் கேப் கேலோவே பாடகர்தானே, ஏன் பேண்ட் லீடர்னு சொல்றாங்க?

பேண்ட் லீடர்னா ஆளுங்கள சேர்த்து, பாட்டு முடிவு பண்ணி, சம்பளம் குடுத்து, ஊர் ஊரா கூட்டிட்டுப் போறவர். கல்யாண சமையல் மாஸ்டர் மாதிரிதான், கரண்டியும் அவர் கையில, ஆளுங்க பொறுப்பும் அவர் தலையில. 1930கள்ல ஜாஸ் குழுன்னா பத்துப் பதினஞ்சு பேர், ஒருத்தர் கட்டி மேய்க்காம நடக்காது.

கேலோவே நியூயார்க்ல காட்டன் கிளப்ங்கற நைட் கிளப்ல வெள்ளைக் கோட்டோட, முடி மூஞ்சில விழ, குச்சிய வீசிக்கிட்டே "ஹை டி ஹோ"ன்னு பாடுவார், கூட்டமே திருப்பிப் பாடும். ஆனா எனக்குப் பெருசா படுறது வேற, தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத்தவங்களுக்கு ஹோட்டல்ல ரூம் தராத காலம் அது, குழுவுக்குன்னே தனி ரயில் பெட்டி எடுத்து கூட்டிட்டுப் போனார். டிரம்பெட் மேதை டிசி கில்லெஸ்பி 1939ல சேர்ந்ததும் இந்தக் குழுலதான்.

அர்த்தமில்லாத சத்தத்தால பாடுற ஸ்கேட் (scat) முறைய கேலோவேதான் கண்டுபிடிச்சார்னு பல பேர் சொல்றாங்க, இல்ல, இன்னொரு ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1926லயே அப்படிப் பாடி ரெக்கார்ட் பண்ணிட்டார்.