அளக்காமல் பிஸ்டன் வாங்காதீர்கள்

கேள்வி: அப்பா வாங்கிய 1998 மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை. இன்ஜினை வீட்டிலேயே பிரித்து, சரிசெய்து பூட்ட ஆசை. இணையத்தில் 0.25 ஓவர்சைஸ் (அசல் அளவைவிட 0.25 மி.மீ. பெரிய) பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கிட் எங்கும் ஓடிவிடாது.

முதலில் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து அடங்கிவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான் காரணம். அதற்காக இன்ஜினை இறக்கவே வேண்டாம். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்துளை) தேய்ந்திருக்கும். உறுதி செய்ய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம்.

ரிங்தான் என்று முடிவானால் பிரியுங்கள். மூன்றே சிலிண்டர், 796 சிசி. கை பழக இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது என்பேன். புதிதாக இருக்கும்போது இதன் போர் 68.5 மி.மீ. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்தை ஒட்டித்தான் அதிகம். நகத்தால் வருடினால் அங்கே படி போலத் தட்டும். பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், போர் கேஜ் வைத்து அளந்து எழுதி வாங்குங்கள். 0.25 கடைந்தால் சுத்தமாகிவிடுமா, 0.50 வரை போக வேண்டுமா என்று அந்த அளவுதான் சொல்லும். ஏற்கெனவே ஒருமுறை போரிங் (இப்படிக் கடைவது) ஆன வண்டியாகவும் இருக்கலாம். பழைய பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் குத்தியிருக்கிறதா என்று கார்பனைச் சுரண்டிப் பாருங்கள்.

அப்புறம் பிஸ்டனை வாங்கி, லேத்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போரிங் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடைய வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கிராங்க் பேரிங்குக்கும் இதே கதை: ஜர்னலை (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) அளந்த பிறகே பேரிங்.

நான் வரிசையை மாற்றிச் செய்து பட்டவன். அவசரப்பட்டு வாங்கிய 0.25 ரிங் செட் இன்னும் பரணில் இருக்கிறது. பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. நாமே தப்பான சைஸை ஆர்டர் செய்துவிட்டால் அந்த விதி கைகொடுக்காது.

கருவிகளில், போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். லேத்திலிருந்து வந்த பிளாக்கை சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வரக் கூடாது. பெட்ரோலில் நனைத்துத் துடைத்தால் போதாது, ஹோனிங் (போரைத் தேய்த்து மெருகேற்றுவது) தூள் உள்ளேயே தங்கிப் புது ரிங்கைத் தின்றுவிடும். கழுவிய கையோடு ஆயில் பூசிவிடுங்கள், துரு பிடிக்கும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் முழு இன்ஜினே கிடைக்கும் என்கிறார்களே, மாட்டிவிட்டால் வேலை மிச்சம்தானே?

பதில்: இன்ஜின் எண் பிளாக்கில்தான் குத்தப்பட்டிருக்கிறது. வேறு பிளாக் மாட்டினால் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் தலைவலி இரட்டிப்பு. ஹெட், கார்புரேட்டர் போன்றவற்றை அங்கே தாராளமாகத் தேடலாம்.

கேள்வி: போரிங் முடிந்து வந்த பிளாக்கில் ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் லொடலொட என்கிறது. லேத்காரர் பில் தரவில்லை, தன் தப்பு இல்லை என்கிறார்.

பதில்: பூட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், ஓட்டிவிட்டால் பழி உங்கள் மேல் திரும்பும். வேறொரு லேத்தில் மூன்று சிலிண்டர்களையும் அளந்து, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஃபோனில் பணம் அனுப்பிய பதிவும் சாட்சிதான். அதைக் காட்டிப் பேசிப் பாருங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.