பீக்கரில் இருந்து பரலுக்கு: கேள்வி பதில்

பாத்திரம் கழுவும் திரவம், சவர்க்காரம் என்று வீட்டளவில் செய்துவிட்டு 200 லீற்றருக்குப் போக நினைக்கும் திருகோணமலைக்காரருக்கான விடைகள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். கோஸ்டிக் சோடாவுக்கு அலுமினியப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் அதை ஒதுக்கிவிட்டு வாசியுங்கோ.

உப்புவெளி: அண்ணா, ஒரு லீற்றரில் நல்லா வந்துது. எல்லாத்தையும் பெருக்கிப் பரலில் போட்டால் சூடாகி, கட்டி கட்டியா நிக்குது. ஏன்?

நிறையைப் பெருக்கினீங்கள், நேரத்தைப் பெருக்கேல்லை. பீக்கரில இருந்து 200 லீற்றருக்குப் போனால் கொள்ளளவு 200 மடங்கு. நீள அகலம் சுமார் 6 மடங்குதான். அதால ஒரு லீற்றருக்குக் கிடைக்கிற வெளிப்பரப்பு ஆறில் ஒன்றாகுது. சூடு வெளியேற வழி குறைவு.

100 கிலோவுக்குக் கணக்கு இது: லாப்சா (அழுக்கு நீக்கும் திரவ அமிலம்) 10 கிலோ, கோஸ்டிக் சோடா 1.2 கிலோ, 70 வீத எஸ்.எல்.ஈ.எஸ் (நுரைக்கும் களி) 6 கிலோ, உப்பு 1 முதல் 1.5 கிலோ, மிச்சம் தண்ணீர். சோடா கரையும் சூடும் அமிலம் நடுநிலையாகும் சூடும் சேர்ந்து சுமார் 3 மெகாயூல். முழுத் தண்ணியும் உள்ளே இருந்தால் 7 பாகை கூடும், பயமில்லை. 20 லீற்றர் தண்ணியில் தொடங்கினால் 30 பாகைக்குக் கிட்டக் கூடும். ஆகவே தண்ணீர் முக்கால்வாசி முதலில். சோடாவைத் தண்ணிக்குள் போடுங்கோ, சோடாவுக்கு மேல் தண்ணி ஊத்தாதேங்கோ. பிறகு லாப்சாவை மெல்லிய தாரையாக 40 நிமிடமாவது எடுத்து விடுங்கோ. கொட்டினால் வெளியே ஒரு களித்தோல் பிடித்து, உள்ளே அமிலம் அப்படியே நிற்கும். அதுதான் உங்கட கட்டி. பிஎச் 7க்கும் 8க்கும் இடையில் வந்த பிறகே எஸ்.எல்.ஈ.எஸ். அதையும் கொஞ்சத் தண்ணியில் கரைக்கப் பார்க்காதேங்கோ, கல்லுமாதிரி இறுகும். நிறையத் தண்ணிக்குள் களியைப் போட்டு மெதுவாகச் சுற்றவிடுங்கோ.

பரலுக்குப் போக முன்னம், பரலின் மந்தத்தைப் பீக்கருக்குக் கொடுத்துப் பாருங்கோ: அமிலத்தை 40 நிமிடம் எடுத்து மெல்ல விடுங்கோ, துணி சுற்றி ஆறவிடுங்கோ, இரவு முழுக்க வையுங்கோ. அங்க பழுதாகிறது பரலிலும் பழுதாகும்; செலவு ஒரு லீற்றரோட நிற்கும்.

ஓர்ஸ்ஹில்: பீக்கரில் 5 சென்ரிமீற்றர் விட்டக் கலக்கி, நிமிடத்துக்கு 500 சுற்று. பரலில் 30 சென்ரிமீற்றர் போட்டிருக்கிறன். அதே 500 தானே?

இல்லை. ஒரு லீற்றருக்குப் போகும் சக்தி 36 மடங்காகும். மோட்டர் தாங்காது, தாங்கினால் பரல் முழுக்க நுரை.

சீனக்குடா: லீற்றருக்கான சக்தியைச் சமனாக வையுங்கோ. 151 சுற்று. பாடப்புத்தகக் கணக்கு.

ஓர்ஸ்ஹில்: நான் கலக்கியின் விளிம்பு ஓடும் வேகத்தைச் சமனாக்கினால் 83 தான் வருது. எது சரி?

இரண்டு கணக்கும் சரி, கேள்விதான் வேற. எண்ணெய்த் துளியை உடைக்க வேணுமெண்டால் சீனக்குடாத் தம்பி சொன்ன 151. நுரையும் காற்றும் உங்கட பிரச்சினை எண்டால் 83ல் தொடங்குங்கோ. கழுவும் திரவத்துக்கு நான் 83 பக்கம். கலக்க நேரம் கூடும், கூடட்டும்.

சீனக்குடா: 83ல் அடியில் கலக்காமல் நிற்கும்.

நிற்கும், கலக்கி மேலே தொங்கினால். அடியில் இருந்து பரல் விட்டத்தின் மூன்றிலொரு உயரத்தில் வையுங்கோ. சுவரோரம் 5 சென்ரிமீற்றர் அகலத் தடுப்புத் தகடு நாலு வையுங்கோ, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில். தடுப்பில்லாத பரலில் 151 சுற்றினாலும் தண்ணி சேர்ந்து சுத்துமே தவிரக் கலக்காது. சுழி விழுந்து காற்றை இழுக்கும். இதோட இந்த வாதத்தை நிப்பாட்டுவம், மற்றவை காத்திருக்கினம்.

நிலாவெளி: தடிப்பு வருதில்லை, உப்பு போடப் போட இன்னும் தண்ணியாகுது.

உச்சத்தைத் தாண்டிட்டீங்கள். உப்புக்குத் தடிப்பு ஓரளவுக்கு ஏறும், பிறகு இறங்கும். 100 மில்லிலீற்றர் எடுத்து 5 மில்லிலீற்றர் தண்ணி விடுங்கோ. தடித்தால் உப்புக் கூடிட்டுது. உப்பில்லாத அடுத்த தொகுதியோட கலந்து மீட்கலாம். சூட்டோட தடிப்பைப் பார்த்து உப்புப் போடாதேங்கோ, 30 பாகைக்கு ஆறின பிறகு பாருங்கோ. கடலோரக் கிணத்துத் தண்ணியெண்டால் அதிலேயே உப்பு இருக்கு, கல்சியமும் இருந்தால் கலங்கும்.

கிண்ணியா: எனக்கும் தண்ணியாப் போகுது, என்ன செய்ய?

நிலாவெளிக்குச் சொன்னதை வாசியுங்கோ.

மூதூர்: தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம், 20 கிலோ எண்ணெய். பெரிய பெட்டியில் ஊத்தினால் நடுவில் பொங்கி வெடிக்குது.

கிலோவுக்கு 183 கிராம் சோடா. சோடா மிச்சம் நிற்காமல் இருக்க 5 வீதம் குறைத்தால் 174. ஆக 3.48 கிலோ. கண்டிப்பாகத் தராசில், கோப்பையில் அளக்கிறேல்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உருகும், இஞ்ச சூடாக்கவே தேவையில்லை. அடுப்புச் செலவு மிச்சம். சோடாக் கரைசலை நல்லா ஆறவிட்டுக் கலவுங்கோ. நடுவில் சூடு தேங்கித்தான் பொங்குது; பெட்டியின் ஆழத்தைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டுங்கோ, 7 சென்ரிமீற்றர் போதும், மூடிப் போர்த்த வேண்டாம்.

புல்மோட்டை: எங்கட கடற்கரைக் கறுப்புக் கனிம மணல் இல்மனைட்டில் இருந்து வெள்ளை நிறப்பொடி எடுக்கலாமா, சிறு அளவில்?

செறிந்த சல்பூரிக் அமிலம், பிறகு இரும்புச் சல்பேற்றுக் கழிவு. பரல் வேலையில்லை. விடுங்கோ.

தம்பலகாமம்: அனுமதி?

பிரதேச சபையிலயும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலயும் கேளுங்கோ.

கன்னியா: மலசலகூட அமிலத் திரவமும் குளோரின் வெளுப்பானும் ஒரே பரலில் மாறி மாறிச் செய்யலாமோ?

ஒரே அறையிலயே வேண்டாம். மிச்சம் கலந்தால் குளோரின் வாயு.

கிண்ணியா: அலுமினியக் கிடாரம் சும்மா கிடக்கு. சோடா கரைக்கலாமா?

ஐதரசன் வரும், கிடாரமும் கரையும். முதல் பந்தியிலயே சொன்னது.