4294967297 பகா எண்ணா?

வணக்கம். 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் (n பகா எண்ணானால் அடியின் n−1-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பதைப் பார்க்கும் சோதனை) மீதி 1 வந்ததால் 4294967297, அதாவது 2³² + 1, பகா எண் என்று உங்கள் நிரல் காட்டுவதாகவும், 500 வரை எந்த எண்ணாலும் அது வகுபடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இன்னும் சற்றுத் தொடர்ந்திருந்தால் 641-இல் விடை கிடைத்திருக்கும். 641 × 6700417 என்பதே இதன் பகாக் காரணிப் பிரிப்பு. கணிதவியலாளர் ஆய்லர் 1732-இலேயே கண்டறிந்த இதைக் கையாலும் சரிபார்க்கலாம்.

641 = 5 × 2⁷ + 1 = 5⁴ + 2⁴ அல்லவா? ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷-க்கு மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இதில் 5⁴-க்குப் பதிலாக −2⁴ இட்டால் −2³²-க்கு மீதி 1 என்றாகி, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

உங்கள் நிரலில் பிழையில்லை, தேர்ந்த அடிதான் பொருந்தாதது. 4294967297-ஆல் வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையின் அடுக்கான 2³² என்பது 64-இன் மடங்காக இருப்பதால் எப்படியும் 1 வந்தே தீரும். அடியை 3 என மாற்றிப் பாருங்கள், 1 வராது.