பிள்ளைகளுக்காக ஃபில்டர் போட்டதும் நெட் இழுக்கிறதா? ஃபில்டரை எடுக்க வேண்டாம்

கேள்வி: நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான். எட்டாவதும் பத்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். ஆபாசத் தளங்கள் வரக்கூடாது என்று போன மாதம் ரூட்டரில் குடும்ப டிஎன்எஸ் போட்டோம். ரூட்டரிலேயே இருந்த பேரன்டல் கன்ட்ரோலையும் ஆன் செய்தோம். மூன்று போனிலும் ஒரு ஃபில்டர் ஆப் ஏற்றினோம். அன்றிலிருந்து நெட் இழுக்கிறது. பக்கம் திறக்கவே நேரமாகிறது, ஆன்லைன் டியூஷனில் சார் பாதியில் உறைந்து நிற்கிறார். கேபிள்காரச் சேட்டன் வந்து பார்த்து "லைனில் ஒரு குழப்பமும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஃபில்டரை எடுக்கவே வேண்டாம். மூன்று இடத்தில் இருப்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். சேட்டன் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். லைன் நன்றாக இருந்தாலும் வீட்டுக்குள் வந்தபிறகு வேகம் குறையலாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கம் திறக்கத் தாமதமாகிறதா, திறந்தபிறகு ஓடத் தாமதமாகிறதா? பக்கம் ஐந்தாறு நொடி வெறுமையாக நின்று, பிறகு சட்டென்று முழுசாக வந்துவிட்டால் கோளாறு டிஎன்எஸ்-இல் இருக்கிறது. பக்கம் உடனே வந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் ரூட்டரோ போன் ஆப்போ மூச்சுத் திணறுகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டும் கலந்திருக்கிறது.

டிஎன்எஸ் என்பது நாம் அடிக்கிற தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் சேவை. குடும்ப டிஎன்எஸ் செய்வது ஒன்றுதான்: ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி தராது. வீடியோவோ பாடமோ அதன் வழியாகப் போவதே இல்லை. அதனால் ஒழுங்காகப் போட்ட டிஎன்எஸ் ஃபில்டர் டவுன்லோடு வேகத்தை நேரடியாகக் குறைக்காது. தப்பாகப் போட்டால்தான் தொல்லை.

மீனாட்சிபுரத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரூட்டரில் டிஎன்எஸ்-க்கு இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் நான்கு சின்னக் கட்டங்கள். முதல் வரிசையில் கிளவுட்ஃப்ளேர் சேவையின் குடும்ப டிஎன்எஸ் முகவரியான 1.1.1.3 சரியாக இருந்தது. இரண்டாவதில் 1.0.0.3 இருக்க வேண்டிய இடத்தில் 10.0.0.3. ஒரே ஒரு சுழியம்தான் கூடுதல். ஆனால் 10-இல் தொடங்கும் முகவரிகள் வீடு, ஆபீஸ் உள்வலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அந்த வீட்டில் அந்த எண்ணில் எந்தக் கருவியும் இல்லை. ரூட்டர் இரண்டாவது முகவரியைக் கேட்கும்போதெல்லாம் பதிலுக்காகக் காத்திருந்து, ஓய்ந்து, பிறகுதான் முதல் முகவரிக்குத் திரும்பியது. சில பக்கம் பறக்கும், சில பக்கம் முழிக்கும். ஒரு மாதமாக லைன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சுழியத்தை அழித்தோம், சரியாகிவிட்டது. நீங்களும் அந்தக் கட்டங்களை ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது வரிசையில் பாதுகாப்புக்கென்று சிலர் கூகுளின் 8.8.8.8 போடுவார்கள். அதில் ஃபில்டர் கிடையாது. பாதிக் கேள்விகள் அந்த வழியாக நழுவிவிடும். இரண்டு வரிசையிலும் ஒரே சேவையின் முகவரிகள்தான் இருக்க வேண்டும். ஐபிவி6 (புதிய வகை நீள முகவரி) டிஎன்எஸ்-க்குத் தனிப் பெட்டி இருந்தால் அதையும் காலியாக விடாதீர்கள். கிளவுட்ஃப்ளேர் என்றால் அங்கே 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003.

எண்கள் சரியாக இருந்தும் திறக்கத் தாமதமானால், அந்தச் சேவை உங்களுக்குத் தூரத்தில் இருக்கலாம். லேப்டாப்பை ரூட்டரில் கேபிளால் இணைத்து, கமாண்ட் திரையில் ஒவ்வொரு முகவரிக்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள்: கிளவுட்ஃப்ளேர் 1.1.1.3, ஆட்கார்டு 94.140.14.15, கிளீன்பிரவுசிங் 185.228.168.168, ஓபன்டிஎன்எஸ் 208.67.222.123. நான்குமே ஆபாசத் தளங்களைத் தடுப்பவை. 40 மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தால் நல்லது. 150-ஐத் தாண்டினால் கேள்வி பெரும்பாலும் கடல் கடந்து போய்த் திரும்புகிறது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய வீடியோ சேவைகள் ஒரே வீடியோவை ஊர் ஊராகப் பிரதி எடுத்து வைத்திருக்கின்றன. கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, பக்கத்துப் பிரதியின் முகவரியைத் தருவது வழக்கம். டிஎன்எஸ் தூரத்தில் இருந்தால், சென்னையிலோ மும்பையிலோ கிடைக்க வேண்டிய வீடியோ வெளிநாட்டிலிருந்து வரக்கூடும். குறைந்த எண் எதற்கு வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் எது வேகம் என்பது உங்கள் லைனுக்குப் பொருந்தாது.

அடுத்தது ரூட்டரின் பேரன்டல் கன்ட்ரோல். உங்கள் டியூஷன் சாரை உறைய வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 8,000 பொட்டலங்கள் (நெட்டில் வருவதைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும் கட்டுகள்) ரூட்டரைக் கடக்கின்றன. சாதாரண நேரத்தில் இந்த வேலையை அதிலுள்ள தனிச் சிப் பார்த்துக்கொள்ளும், மூளைப் பகுதிக்குச் சுமையே இருக்காது. பேரன்டல் கன்ட்ரோலை ஆன் செய்தால், பல ரூட்டர்களில் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, ஒவ்வொரு பொட்டலமும் மூளை வழியாகவே போயாக வேண்டும். விலை குறைந்த ரூட்டரில் அந்த மூளைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. இத்தனை சிரமப்பட்டும் லாபம் சொற்பம். இன்று அநேகமாக எல்லாத் தளங்களும் பூட்டிய நிலையில்தான் வருகின்றன, ரூட்டரால் தளத்தின் பெயரைத்தான் பார்க்க முடியும், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பெயரைப் பார்த்துத் தடுக்கும் வேலையை டிஎன்எஸ் ஏற்கெனவே செய்கிறதே. அதனால் தளங்களைச் சோதிக்கும் பகுதியை அணைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளின் போனுக்கு நெட் நிற்கும் ஏற்பாடு தனியாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அணைத்தபின் ஸ்பீட் டெஸ்ட் செய்து பாருங்கள், காலையில், கேபிளில். இரவு எட்டு மணிக்கு வைஃபையில் செய்யும் டெஸ்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, போன் ஆப். திரையின் மேல் ஓரத்தில் சின்னச் சாவி ஒன்று தெரிகிறதா? அப்படியென்றால் அந்த ஆப் விபிஎன் முறையில் வேலை செய்கிறது, இப்படிப்பட்ட பல ஆப்களில் போனின் மொத்த நெட்டும் அதற்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. சில ஆப்கள் எல்லாவற்றையும் தங்கள் சர்வருக்கே அனுப்பிச் சோதிக்கும். வேகமும் போகும், பிள்ளை எங்கே போகிறான் என்ற விவரமும் யாரோ ஒருவரிடம் போய்ச் சேரும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. அந்த ஆப்பை எடுத்துவிட்டு, போனின் நெட்வொர்க் செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில், நீங்கள் தேர்ந்தெடுத்த சேவை தன் தளத்தில் குடும்பப் பிரிவுக்கென்று தந்திருக்கும் பெயரைப் போடுங்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு. வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனாலும் ஃபில்டர் கூடவே வரும்.

மொபைல் டேட்டாவோடு ஒப்பிட்டு "போனில் வேகமாக இருக்கிறதே, வீட்டு லைன்தான் மோசம்" என்று முடிவுகட்டாதீர்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற எல்லைப் பகுதிகளில் போன் ஒரு நேரம் கேரள டவரையும் இன்னொரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். இரண்டும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டம். காலையில் பார்த்த வேகம் மாலையில் இருக்காது.

ஒரு வீடியோ ஓடவே மறுத்தால் அதை வேகக் குறைவு என்று எண்ண வேண்டாம். கிளீன்பிரவுசிங்கின் குடும்ப ஃபில்டர் யூடியூபைக் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றிவிடும், அதில் பாட வீடியோ சிலதும் மறைந்துபோகும், கமென்ட்டும் தெரியாது. இது தொந்தரவாக இருந்தால் 1.1.1.3-க்கு மாறிப் பாருங்கள்.

எல்லாம் மாற்றியதும் ரூட்டரையும் போன்களையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பழைய முகவரிகளை அவை நினைவில் வைத்திருக்கும். ரூட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் கருவியின் அடியில் ஒட்டியிருப்பதேதான் என்றால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.