கேமரா கேள்வி–பதில்: ஒரு ரோலில் 72 படம்

சென்ற இதழில் ஹாஃப் ஃப்ரேம் கேமராவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதிலும் நிறைய நீலகிரியிலிருந்து. நானும் கோத்தகிரிக்காரன் என்பதால் இந்த முறை மலைக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். ஹாஃப் ஃப்ரேமில் அதில் பாதி, 24க்கு 18. அதனால் 36 படம் விழும் ரோலில் 72 விழும். கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டுக்குத்தாக வரும். 1959ல் வந்த ஒலிம்பஸ் பென் இதைப் பிரபலமாக்கியது. இப்போது இளைஞர்கள் கையில் நான் அதிகம் பார்ப்பது 2022ல் வந்த கோடக் எக்டார் எச்35 என்ற பிளாஸ்டிக் கேமரா.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எச்35 வாங்கி முதல் ரோல் போட்டேன். வெயிலில் எடுத்தவை நன்றாக இருக்கின்றன. லேம்ப்ஸ் ராக்கில் மூடுபனியில் எடுத்தவை எல்லாம் வெறும் சாம்பல் நிறம், சோலைக்குள் எடுத்தவை சேறு மாதிரி. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை அம்மா. உங்கள் கேமராவில் வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி மாற்ற எதுவும் கிடையாது. லென்ஸின் துவாரம் எஃப்9.5 (எஃப் எண் சிறியதானால் துவாரம் பெரியது), ஷட்டர் நொடியில் 100ல் ஒரு பங்கு, இரண்டும் எப்போதும் அதேதான். வெயில் பளிச்சென்று அடிக்கும்போது 400 வேக ஃபிலிமுக்கு (எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும்) எஃப்16, 400ல் ஒரு பங்கு நொடி போதும் என்பது பழைய கணக்கு. அதோடு ஒப்பிட்டால் உங்கள் கேமரா வெயிலில் கிட்டத்தட்ட 11 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. இருந்தும் படம் கெடவில்லை, ஏனென்றால் கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் தாங்காது. சோலைக்குள் நடந்தது இந்த இரண்டாவது. மரங்கள் மேலே கூடி மூடிய இடத்தில் 400 ஃபிலிமுக்குக்கூட இந்தக் கேமராவில் வெளிச்சம் பற்றாது. நிழல் பக்கமெல்லாம் விவரமே இல்லாமல் புழுதியாகப் போய்விடும். சோலை வேண்டுமென்றால் உள்ளே போகாதீர்கள், ஓரத்தில், புல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில் நின்று எடுங்கள்.

மூடுபனி வேறு விஷயம். அதற்குள் நாம் நினைப்பதைவிட வெளிச்சம் நிறையவே இருக்கிறது. அங்கே இல்லாதது கறுப்பு. எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும்போது ஃபிலிமின் குருணைதான், அந்தப் பொடிப்பொடிப் புள்ளிகள்தான் முதலில் கண்ணில் படும், அதுவும் பாதி அளவு நெகட்டிவை இரண்டு மடங்கு பெரிதாக்குகிறோம், கேட்கவே வேண்டாம். அதனால் பக்கத்தில் இருண்டதாக ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு படம் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரம் ஒன்றை இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தது: பட்டையில் ஒட்டிய பாசித்திட்டு, அதில் வழிந்த ஈரம், ஓர் ஆணி அடித்துக் கட்டிய கம்பி எல்லாம் தெரிகிறது, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதை அந்த மரம்தான் சொல்கிறது. ஒன்றரை மீட்டருக்கு உள்ளே மட்டும் போகாதீர்கள், இந்த லென்ஸ் அங்கே தெளிவாகப் பிடிக்காது.

ஃபிளாஷைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பனித்துளிகள் அந்த வெளிச்சத்தை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அனுப்பும், முன்னால் வெள்ளைத்திரை கட்டியது போல ஆகிவிடும். ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை 400 போடுங்கள், ஜனவரியின் நீலவானத்துக்கு 200 தாராளம். ஸ்லைடு ஃபிலிம் இந்தக் கேமராவுக்கு வேண்டவே வேண்டாம், அது வெளிச்சம் கூடினால் வெளுத்துப்போகும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் வெள்ளைச் சீலை கட்டிய பாட்டியை ஹட்டி (படுகர் ஊர்) வாசலில் வைத்து எடுக்கத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்காதீர்கள். வெள்ளைத்துணியின் மடிப்பு நெகட்டிவில் அவ்வளவு சீக்கிரம் அழியாது. முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி அவரைக் காலை வெயிலில் உட்காரவையுங்கள், போதும்.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகர்: 72 படம் முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் ஃபிலிம் கெட்டுவிடுமா? இன்னொன்று, லேபில் இரண்டிரண்டு படமாகச் சேர்த்து ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டார்கள். தவறா?

ஐந்து மாதம் பயப்படும் அளவு இல்லை, அதுவும் ஊட்டிக் குளிரில். ஃபிலிமுக்கு எதிரி சூடும் ஈரமும்தான். மேட்டுப்பாளையம் இறங்கும்போது காருக்குள் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். அப்படியும் நீளமாகத் தோன்றினால் 24 படம் ரோல் வாங்குங்கள், 48ல் முடிந்துவிடும்.

சேர்த்து ஸ்கேன் செய்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன், சொல்லாமல் செய்ததுதான் தவறு. 36 ஸ்கேனுக்குக் காசு கொடுப்பதா 72க்கா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ரோல் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆனால் எனக்கு இந்தக் கேமராவில் மிகவும் பிடித்தது அந்த ஜோடிதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம் வைத்தால் மூன்றாவதாக ஒன்று நடக்கிறது. மலைரயிலில் போகும்போது ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இல்லையா, அங்கே இறங்கி ஒரு படம் கீழே குனிந்து எடுங்கள், தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல்சட்டத்தை, கறுப்பு எண்ணெய் பூசிய அந்தப் பற்களை. அடுத்த படம் உங்கள் பிள்ளை பிஸ்கட் கடிப்பதாக இருக்கட்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணம்தான், சேர்த்துப் பாருங்கள். 72 இருக்கிறதே என்று ஒரே காட்சியை ஐந்து தடவை தட்டுவதைவிட, ஒன்று எடுத்ததும் இதற்குப் பக்கத்தில் எது வேண்டும் என்று தேடுவதில்தான் இந்தக் கேமராவின் முழுப் பயனும் இருக்கிறது. நடுவில் ஒற்றையாக ஒன்று எடுத்துவிட்டால் அதற்குப் பின் ஜோடி எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அப்போது தனித்தனியாக ஸ்கேன் வாங்கி நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி வாசகி: ஒரு ரோல் முழுக்க எடுத்துக் கழுவக் கொடுத்தேன், ஒன்றுமே விழவில்லை என்கிறார்கள்.

ஃபிலிம் நுனி சுருளில் மாட்டவே இல்லை, அதுதான் அநேகமாகக் காரணம். எனக்கும் அக்கா மகள் கல்யாணத்தில் இது நடந்தது, அந்த ரோலை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மூடியை மூடிய பிறகு, இடது பக்கம் இருக்கும் திருப்புப் பிடியை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெல்லச் சுற்றி, இறுகியதும் நிறுத்துங்கள். அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் சக்கரத்தைத் தள்ளும்போது அந்தப் பிடியும் சேர்ந்து சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. ஒவ்வொரு ரோலிலும் முதல் மூன்று படத்துக்கு இதைப் பாருங்கள்.

ஊட்டி இந்து நகரிலிருந்து ஒரு வாசகர்: அப்பா எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது உயிருடன் இல்லை. அவர் பெட்டியில் அந்தத் தொழிற்சாலையின் ‘இந்து’ பிராண்ட் கறுப்பு-வெள்ளை ரோல் நான்கு கிடைத்தது. மூன்றில் ஃபிலிம் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்றில் இல்லை. ஹாஃப் ஃப்ரேம் கேமராவில் போட்டு எடுக்கலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த தொழிற்சாலை, நம் ஊர்க் காற்றில் தூசி குறைவு என்பதால் இங்கே வந்தது என்பார்கள். இந்த மலையில் செய்த ஃபிலிம் நாடு முழுக்க ஸ்டூடியோக்களில் ஓடியது, ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்தது. அந்த ரோல்கள் உங்கள் கையில் இருப்பது பெரிய விஷயம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேமராவில் வேண்டாம். பழைய ஃபிலிம் பத்து வருடத்துக்குப் பாதி என்ற கணக்கில் வேகத்தை இழக்கும் என்பது தோராயமான வழி. முப்பது வருடம் என்றால் எட்டில் ஒரு பங்கு. 100 ரகம் என்றே வைத்துக்கொண்டாலும் எச்35 உச்சிவெயிலில் மூன்று மடங்குதான் கூடுதலாக வெளிச்சம் கொடுக்கும், எட்டு மடங்கு வேண்டிய இடத்தில் அது பற்றாது. ஷட்டரும் துவாரமும் கையால் மாற்றக்கூடிய பழைய எஸ்.எல்.ஆர். கேமரா (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் ரகம்) ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, ஃபிலிம் வேகத்தை 12 என்று வைத்து எடுங்கள்.

ஆனால் நுனி வெளியே இல்லாத அந்த ஒரு ரோல் புது ரோலாக இருக்காது. எடுத்து முடித்துச் சுற்றிய பிறகுதான் நுனி உள்ளே போகும். அதில் அப்பா எடுத்த படங்கள் இருக்கலாம். அதை எந்தக் கேமராவிலும் போடாதீர்கள், நுனியை வெளியே இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். கலர் லேபில் கொடுக்காமல், கறுப்பு-வெள்ளையைக் கையால் கழுவுகிறவரிடம் நான்கையும் கொண்டுபோங்கள். முதலில் மற்ற மூன்றில் ஒன்றைத் தியாகம் செய்து, வெயிலில் சில படம் எடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கழுவி எத்தனை நிமிடம், எவ்வளவு மங்கல் என்று அவர் பார்க்கட்டும். அந்த அளவு கைக்கு வந்த பிறகே நாலாவதைத் திறக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் அம்மா இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள், படத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் வேண்டுமே. வந்ததும் எனக்கு எழுதுங்கள்.